சிலந்தி மனிதன் யாருடைய தகரத்தில் நிற்கலாம்?

ஹட்டன் தூரிகை:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஹட்டனில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைப்பவன். கடைப் பலகை, லொறியின் பின்கதவு, தேர்த்திருவிழா விளம்பரம், பாடசாலைச் சுவர் என்று எதைத் தந்தாலும் எழுதுவேன். டிஜிட்டல் அச்சு வந்தபிறகு கடைக்காரர்கள் என்னை மறந்துவிட்டார்கள். கார்னிவல்காரர்கள் மட்டும் மறக்கவில்லை. மலைநாட்டு மழைக்கும் காற்றுக்கும் அச்சடித்த துணி கிழிந்து தொங்கும், தகரத்தில் அடித்த எனாமல் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா ஏறும் ராட்டினங்களின் தகரங்கள் மார்ச் மாதமே என் பட்டறை வாசலில் சாய்ந்து நிற்கும்.

அந்தத் தகரங்களில் இருப்பவர்கள் உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்தாம்: சிலந்தி மனிதன், பச்சை ஹல்க், மிக்கி எலி, பனி இளவரசி எல்சா, மஞ்சள் மினியன். இவர்களில் எனக்குப் பிடித்தவன் சிலந்தி மனிதன். அவன் முகத்து வலையை இரண்டு கண்களுக்கும் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். அந்த இடத்தில் சிறிய ஆணி ஒன்றை அடித்து, நூலைக் கட்டி, சுண்ணாம்புத் தூளில் தோய்த்து இழுத்துச் சுண்டினால் நேர்கோடு விழும். குறுக்குக் கோடுகளுக்கு நூல் உதவாது. மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் தொய்வாகத் தொங்கவிட வேண்டும். தொய்வு கூடினால் முகம் வலையில் அகப்பட்ட கெளிற்று மீனைப்போல் ஆகிவிடும். குறைந்தால் சதுரக் கட்டம் போட்ட கொப்பித் தாள்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையை ஒருவர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். சிறுவர் பூங்கா ஒன்றைப் போடப் போகிறாராம். நான்கைந்து ராட்டினங்கள், ஒரு சிறிய ரயில், கீழ்மாடியில் இருட்டறை ஓட்டம் ஒன்று, அதாவது இருட்டுக்குள் வண்டியில் உட்கார்ந்து சுற்றிவரும் சவாரி. எல்லாவற்றுக்கும் படம் வரைய என்னைக் கேட்டிருக்கிறார். "பெயர் தெரிந்த உருவங்கள் இருந்தால்தான் கொழும்பிலிருந்து வேன் பிடித்து வருவார்கள்" என்பது அவர் கணக்கு. ஆனால் அவருடைய பங்காளி வெளிநாட்டில் இருப்பவர். அவருக்குச் சட்டப் பயம். "உரிமையோடு வாங்கினால் என்ன செலவாகும் என்று விசாரித்துச் சொல்லுங்கள்" என்று என்னிடமே கேட்கிறார். தூரிகை பிடிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார் போலும்.

கோலாலம்பூரில் இருக்கும் என் தங்கை மகனிடம் கேட்டேன். அவன் இரண்டு கதைகளைச் சொல்லி என் தலையைக் குழப்பிவிட்டான். மலேசியாவின் கெந்திங் மலையில் பொக்ஸ் என்ற அமெரிக்கப் படக் கம்பனியின் பெயரில் கட்டத் தொடங்கிய பூங்கா வேறு பெயரில்தான் திறந்ததாம். அமெரிக்காவில் புளோரிடாவிலோ, சிலந்தி மனிதன் டிஸ்னியின் சொத்து. ஆனால் அவன் ஓட்டம் இருப்பது டிஸ்னிக்குப் போட்டியான பூங்காவில். தன் பிள்ளையைத் தன் வீட்டுக்கே அழைத்துவர முடியாத உடைமையாளர் உண்டா? ஒரு காகித ஒப்பந்தம் ஒரு ராட்டினத்தின் உருவத்தை இந்த அளவுக்கு ஆட்டிவைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கண்டி வழக்குரை:

அண்ணா, பூங்காக்காரர் கேட்ட கேள்வியை விட உங்கள் வாசலில் நிற்கும் தகரங்கள்தான் எனக்கு முதலில் கவலை தருகின்றன. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு படைப்பின் பதிப்புரிமை, படைத்தவர் உயிரோடு இருக்கும் காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். கையால் வரைந்தேன், நூல் சுண்டி வரைந்தேன் என்பதெல்லாம் திறமைக்குப் பாராட்டு வாங்கித்தரும், விலக்கு வாங்கித்தராது. இத்தனை வருடமும் யாரும் வரவில்லை என்றால், ஏப்ரலில் வந்து மே மாதம் காணாமல் போகும் ராட்டினத்தைத் தேடி வக்கீல் அனுப்புவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதுதான் காரணம். நிரந்தரமான வாசலும் முகவரியும் முகநூல் விளம்பரமும் உள்ள பூங்கா அப்படியல்ல. கடிதம் அனுப்ப முகவரி கிடைத்துவிட்டால் கடிதம் வரும். அந்தப் பங்காளியின் பயம் நியாயமானது.

உரிமை வாங்குவது என்கிறார்களே, அதில் உருவத்தை யாரும் விற்பதில்லை. அனுமதிதான் விற்கப்படுகிறது. அந்த அனுமதி எந்த நாட்டுக்குள், எத்தனை வருடத்துக்கு, ஓட்டத்துக்கா மேடை நிகழ்ச்சிக்கா டி-சேர்ட்டுக்கா, இன்னொருவருக்கும் கொடுக்கலாமா கூடாதா, வரைந்த ஒவ்வொன்றையும் யார் பார்த்து ஒப்ப வேண்டும், கூட்டம் வராவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, கம்பனி கைமாறினால் என்ன, முடிவில் எத்தனை நாளுக்குள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் போகும். கடையில் தொங்கும் விலைப்பட்டியல் போல எதுவும் கிடையாது. நான்கைந்து ராட்டினம் உள்ள இடத்துக்குப் பெரிய ஸ்டூடியோ ஒன்று பதில் கடிதம் எழுதினாலே அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்கலாம்.

புளோரிடாக் கதையைப் பண்டாரவளைக்காரர் எழுதட்டும். அவர் இந்தத் துறையில் கிரீஸ் பூசியவர்.


பண்டாரவளை மெக்கானிக்:

அழைத்ததற்கு நன்றி தங்கச்சி. தூரிகை அண்ணே, நான் வளைகுடாவில் ஒரு பூங்காவின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். பூங்காவின் பெயர் வேண்டாம். உங்கள் மருமகன் சொன்ன இரண்டு கதையும் உண்மை.

1994இல் சிலந்தி மனிதனின் சொந்தக்காரரான மார்வல் நிறுவனம் தன் நாயகர்களைப் பூங்கா உபயோகத்துக்கு, டிஸ்னிக்குப் போட்டியான யூனிவர்சலிடம் எழுதிக் கொடுத்தது. அன்றைக்கு அவர்கள் சித்திரக்கதைப் புத்தகத்து ஆட்கள். இரண்டு வருடம் கழித்து மார்வல் வங்குரோத்துக் கோரி நீதிமன்றம் போனது என்றால் அந்த நேரத்து நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். யூனிவர்சல் 1999இல் புளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில் மார்வல் நாயகர்களுக்கென்றே ஒரு பகுதியைத் திறந்தது. பத்து வருடம் போனது. 2009இல் டிஸ்னி ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் கொடுத்து மார்வலையே வாங்கியது. ஆனால் குத்தகைக்காரன் இருக்கும் வீட்டை வாங்கினால் குத்தகையும் சேர்ந்தேதான் வரும். பழைய ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது. பூங்கா ஓடும்வரை, நல்ல தரத்தில் பராமரிக்கும்வரை யூனிவர்சல் கையில்தான் அந்த உரிமை. யூனிவர்சல் கட்டும் உரிமைத்தொகை போட்டியாளரான டிஸ்னியின் வீட்டுக்குப் போகிறது. இரண்டு பேருக்கும் பல் கடிக்கத்தான் நேரம்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு கோடு இருக்கிறது: மிசிசிப்பி ஆறு. ஆற்றுக்குக் கிழக்கே யூனிவர்சல் உபயோகிக்கும் நாயகர்களையும் அவர்களோடு சேர்ந்த குடும்பத்தையும் வேறு எந்தப் பூங்காவும் தொடக்கூடாது. மேற்கே தொடலாம், ஆனால் ஓட்டத்தின் பெயரில் மார்வல் என்ற சொல் வரக்கூடாது. புளோரிடா இருப்பது கிழக்கே. டிஸ்னியின் மிகப் பெரிய பூங்காத் தொகுதி அங்கேதான். அங்கே டிஸ்னி 2022இல் மார்வலின் ஓர் ஓட்டத்தைத் திறந்தது, அதுவும் 'கார்டியன்ஸ் ஒஃப் த கெலக்ஸி' என்ற விண்வெளிக் காவலர்களை வைத்து. யூனிவர்சல் அந்தக் கூட்டத்தை உபயோகிக்காமல் விட்டிருந்ததால்தான் அது முடிந்தது. சிலந்தி மனிதனை வைத்துக் கட்ட அவர்களுக்கு ஆசை இருந்திருக்காதா? ஆனால் எந்த நாயகன் என்பதை ஓட்டம் வடிவமைத்தவர் தீர்மானிக்கவில்லை. 1994இல் கையெழுத்துப் போட்டவர் தீர்மானித்துவிட்டார்.

நீங்கள் பலகை எழுதுபவர் என்பதால் உங்களுக்கென்று ஒன்று சொல்கிறேன். கலிபோர்னியாவில் 2021இல் டிஸ்னி திறந்த பகுதியின் பெயர் 'அவெஞ்சர்ஸ் கெம்பஸ்'. அதே சாயலில் 2022இல் பாரிஸ் டிஸ்னியில் திறந்ததன் பெயர் 'மார்வல் அவெஞ்சர்ஸ் கெம்பஸ்'. ஒரே நிறுவனம், ஒரே நாயகர்கள். ஒரு பலகையில் ஒரு சொல் கூட, மற்றதில் ஒரு சொல் குறைய. போகிற வருகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நீங்கள் நின்று பார்ப்பீர்கள்.

ஒர்லாண்டோவில் இருக்கும் உருவங்களும் சித்திரக்கதைப் பக்கத்து ஓவியங்கள்தாம். படங்களில் நடித்தவர்களின் முகங்கள் அல்ல. இவ்வளவு படங்கள் வந்து உலகமே அந்த முகங்களைப் பழகிவிட்ட பிறகும் அங்கே பழைய தாளின் முகம்தான். ஒசாகாவில் இருந்த யூனிவர்சலின் சிலந்தி மனிதன் ஓட்டமோ 2024 ஜனவரியோடு மூடப்பட்டுவிட்டது. ஒரே ஓட்டம், இரண்டு நாடு, இரண்டு விதி.

அடுத்தது கெந்திங். எங்கள் நுவரெலியாவின் உயரம்தான், ஏறத்தாழ 1,800 மீற்றர், அதே மூடுபனி. 2013இல் பொக்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, உலகத்தின் முதல் பொக்ஸ் பூங்கா என்று விளம்பரம் செய்து கட்டத் தொடங்கினார்கள். வேலை இழுபட்டது. இதற்கிடையில் பொக்ஸை டிஸ்னி வாங்கும் பேச்சு முற்றியது. 2018இல் பொக்ஸ் ஒப்பந்தத்தை முறித்தது. கெந்திங் தரப்பு பொக்ஸ் மீதும் டிஸ்னி மீதும் ஒரு பில்லியன் டொலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. 2019இல் சமரசம் ஆனது. 2022 பெப்ரவரியில் பூங்கா திறந்தபோது வாசலில் பொக்ஸ் இல்லை, 'கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ்' என்றிருந்தது. உள்ளே 'ஐஸ் ஏஜ்' படத்துப் பனியுக விலங்குகள் போன்ற சில பொக்ஸ் உருவங்கள் சமரசத்தின்படி தங்கிவிட்டன. மலையை வெட்டி, கொங்கிறீட் போட்டு, இரும்பு ஏற்றிய பிறகு பெயர் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் கிடையாது.

இந்தப் பயம்தான் ஓட்டத்தின் உடம்பையே மாற்றுகிறது. உரிமை உறுதியாக நிற்கும் என்று நம்பினால் கதையை இரும்போடு சேர்த்து வார்ப்பார்கள். ஹரி பொட்டர் அப்படி. 2007இல் அறிவித்து 2010இல் ஒர்லாண்டோவில் திறந்தார்கள். படங்களின் கலை அமைப்பாளர் ஸ்டூவர்ட் கிரெய்க்கே பூங்காவின் வடிவத்தையும் பார்த்துக்கொண்டார். கோட்டையும் ஓட்டமும் ஒன்றுதான், பிரித்தெடுக்க முடியாது. குடிக்கப் போனால்கூட வழக்கமான கோலா கிடையாது, கதையில் வரும் பட்டர்பியர்தான். எழுத்தாளரின் பிடி அவ்வளவு இறுக்கம். நம்பிக்கை இல்லாத இடத்திலோ கதையைத் தோலாக மட்டும் போர்த்துவார்கள், உரித்தெடுக்க வசதியாக.

நான் வேலை செய்த இடம் இந்த இரண்டாவது வகை. ஒரு வண்டியின் முன்பக்கச் சிவப்பு உரிந்துவிட்டது. கையில் இருந்த சிவப்பைத் தொட்டுவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் தொடக்கூடாது. அந்தச் சிவப்புக்கு இலக்கம் உண்டு. மாதிரித் தகடு ஒன்றில் அடித்து, படம் பிடித்து, கடல் கடந்து அனுப்பி, "கொஞ்சம் மஞ்சள் தூக்கல்" என்று பதில் வந்து, மறுபடி அடித்து அனுப்பி, ஒப்புதல் வரும்வரை அந்த வண்டி ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு ஓடியது. பிறகு ஒருநாள் ஒப்பந்தமே முடிந்தது. இரவோடிரவாக எழுத்துகளைக் கழற்றினோம். வெயிலில் வெளிறாமல் எழுத்துக்குப் பின்னால் தப்பியிருந்த பழைய நிறம் மறுநாள் அந்தப் பெயரைத் தெளிவாகக் காட்டியது. அதை மறைக்கத்தான் எங்களுக்கு அதிக வேலை. தண்டவாளம் அதே தண்டவாளம், பிள்ளைகளின் கூச்சலும் அதே கூச்சல்.


மஸ்கெலியா மழை:

இவ்வளவு தலைவலியை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்கிறேன். கித்துல்கலவில் களனி ஆற்றங்கரையில் 1957இல் வெளிவந்த குவாய் ஆற்றுப் பாலம் படத்தை எடுத்துவிட்டுப் போனார்கள். இந்தியானா ஜோன்ஸின் 1984ஆம் ஆண்டுப் படத்துத் தொங்குபாலம் கண்டிப் பக்கம் விக்டோரியா அணை கட்டிய இடத்தில் கட்டியது. படம் எடுத்த மலை எங்களுடையது, மழை எங்களுடையது. ஓட்டம் எங்கே இருக்கிறது? கலிபோர்னியாவில். இந்தியானா ஜோன்ஸ் பெயரைச் சொல்லி எங்களால் ஒரு கயிற்று ஊஞ்சல்கூடக் கட்ட முடியாது. கித்துல்கலவுக்கு இன்று வெள்ளைக்காரன் வருவது பாலத்தைப் பார்க்க அல்ல, இறப்பர்ப் படகில் ஆற்றில் குதிக்க. அந்த ஆற்றுக்கு யாரும் உரிமைத்தொகை கட்டவில்லை.

சீதாஎலியவில் அம்மன் கோயில், ஹக்கலையில் அசோகவனம், எல்லவில் இராவணன் அருவி. கதை முழுவதும் நுவரெலியா வீதியில் கிடக்கிறது. அண்ணன் இராவணனை வரையட்டும். எந்த ஸ்டூடியோ கடிதம் அனுப்பும்?


பண்டாரவளை மெக்கானிக்:

மழை, இந்தியானா ஜோன்ஸில் ஒரு வேடிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை வெளியிட்ட பரமவுண்ட் நிறுவனம் 1992 முதல் 2006 வரை சொந்தமாகவே பூங்காக்கள் வைத்திருந்தது. ஆனால் உரிமை இருந்தது அந்தப் பாத்திரத்தை உருவாக்கிய ஜோர்ஜ் லூகாஸின் கையில். அவர் போனது டிஸ்னியிடம். 1995இல் கலிபோர்னியாவில் டிஸ்னி அந்த ஓட்டத்தைத் திறந்தபோது பரமவுண்ட் தன் பூங்காக்களில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. டிஸ்னி லூகாஸின் நிறுவனத்தை வாங்கியது 2012இல்தான். படத்தை வெளியிடுகிறவர் ஒருவர், பாத்திரத்துக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். பூங்காக்காரர்கள் காசோலை எழுதுமுன் அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்.

சொந்தக் கதை என்ற உங்கள் யோசனைக்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. லிப்ட் அறுந்து விழுவதுபோல் ஆளை இறக்கும் கோபுர ஓட்டம் ஒன்றை டிஸ்னி 1994இல் புளோரிடாவில் கட்டியது. கதை அவர்களுடையது அல்ல. 'ட்விலைட் சோன்' என்ற பழைய தொலைக்காட்சித் தொடரிடம் உரிமை வாங்கியது. 2004இல் கலிபோர்னியாவிலும் அதே கோபுரம், அதே கதை. 2006இல் டோக்கியோவில் கட்டியபோது அந்தத் தொடரை விட்டுவிட்டார்கள். ஆபிரிக்கச் சிலை ஒன்றைத் திருடிவந்த ஒரு பணக்காரன் காணாமல் போனான் என்று புதுக்கதை கட்டினார்கள். கலிபோர்னியாக் கோபுரமோ 2017இல் அந்த விண்வெளிக் காவலர்களின் ஓட்டமாக மாறிவிட்டது. விழுவது ஒரே விதமாகத்தான் விழுகிறது. டோக்கியோவில் மட்டும் கதைக்காக அந்தத் தொடர்க்காரர்களிடம் போய் நிற்க வேண்டிய தேவை இல்லை.


ஹட்டன் தூரிகை:

இவ்வளவு விளக்கம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தக் கறுப்புத் துணி போர்த்திய வண்டியைப் பற்றிப் பூங்காக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "பெயின்ட் தொடக்கூட அனுமதியா?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு விலை விசாரிப்பதை விட்டுவிட்டார்.

மழை சொன்ன இராவணனை அவரிடம் எடுத்துச் சொன்னேன். பத்துத் தலை, நல்ல அகலமான தகரம், எனக்குக் கை ஊறுகிறது. ஆனால் பேசப்பேச ஒரு சிக்கல் வந்தது. இராவணன் வந்தால் அனுமாரும் வருவார். அனுமார் தோளில் ஒரு பிள்ளை சப்பாத்துக் காலோடு ஏறி உட்கார்ந்தால் எங்கள் தோட்டத்து அம்மாக்கள் சும்மா இருப்பார்களா? நானே சும்மா இருக்கமாட்டேன். சீதாஎலியவுக்குக் கும்பிடப் போகிறவர்களின் வேன்தான் இந்தப் பூங்கா வாசலிலும் நிற்கப்போகிறது. கும்பிட்ட கையோடு வந்து அதே சாமியின் முதுகில் டிக்கெட் வாங்கி ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உரிமை கேட்காத, ஆனால் யார் மனமும் நோகாத உருவம் வேறென்ன இருக்கிறது?


கொட்டகலை ஆசிரியை:

என் வகுப்புப் பிள்ளைகளிடம் "உங்களுக்குப் பிடித்த விலங்கை வரையுங்கள்" என்றால் பாதிப் பேர் கருஞ்சிறுத்தை வரைகிறார்கள். 2020இல் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் சிக்கி இறந்ததே, அந்தச் சிறுத்தைதான். பல பேர் அப்போது கைக்குழந்தைகள். வீட்டில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வரைவதில் அது இறப்பதில்லை. தேயிலைச் செடிக்கு நடுவே இரண்டு மஞ்சள் கண் தெரியும், சில நேரம் கொழுந்துக் கூடையைப் போட்டுக்கொண்டு நடக்கும். இருட்டறை ஓட்டம் இருக்கிறது என்றீர்கள் அண்ணா. பழைய தொழிற்சாலை, வாட்டும் தட்டுகள் இருந்த இடம், உலர்த்தி இருந்த இடம், அவற்றுக்கு நடுவே ஒரு கருஞ்சிறுத்தை வழிகாட்டிப் போனால் எப்படி இருக்கும்? மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவர்கள் எங்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள், சத்தத்துக்கு அவர்களையே பதிவு செய்யலாம்.


கண்டி வழக்குரை:

ஆசிரியையின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. நான்கு காலில் நடக்கும் கருஞ்சிறுத்தை காட்டுக்குச் சொந்தம். இரண்டு காலில் நிமிர்ந்து, உடம்பைப் பிடித்த கறுப்பு ஆடையும் நகமும் முகமூடியுமாக நிற்கும் கருஞ்சிறுத்தை மார்வலுக்குச் சொந்தம். அண்ணாவின் கை பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடையைப் போட்டுவிட்டால் கவலையில்லை; அந்தக் கம்பனியின் கருஞ்சிறுத்தை கொழுந்து பறித்ததாக நான் கேள்விப்படவில்லை.

இராவணனைப் பற்றியும் ஒரு சொல். கதை பொதுச்சொத்து, உண்மைதான். ஆனால் தொலைக்காட்சித் தொடரில் பார்த்த முகத்தையோ சித்திரக்கதைப் புத்தகத்தில் பார்த்த கிரீடத்தையோ பார்த்து வரைந்தால் அது பொதுச்சொத்து ஆகாது. சட்டம் கருத்தைப் பூட்டுவதில்லை, வெளிப்பாட்டைத்தான் பூட்டுகிறது.

இனி யாரும் பேசாத விஷயம். கூடை சுமக்கும் சிறுத்தையை அண்ணா வரைந்தால் அதற்கு உரிமையாளர் யார்? பூங்காக்காரர் தகரத்துக்கும் கூலிக்கும் காசு கொடுக்கிறார். பிறகு அந்தச் சிறுத்தையை டிக்கெட்டில் அச்சடிப்பார், தொப்பியில் போடுவார், எல்லவில் இரண்டாவது பூங்கா திறந்தால் அங்கேயும் நிறுத்துவார். அதற்கெல்லாம் ஒரே கூலியா? யூனிவர்சலும் டிஸ்னியும் முட்டிக்கொண்டது எதற்கு என்று இவ்வளவு நேரம் படித்தோமே அண்ணா, அதே கேள்விதான் ஹட்டன் பட்டறையிலும் இருக்கிறது.


ஹட்டன் தூரிகை:

தங்கச்சி, இதை நான் யோசித்ததே இல்லை. இதுவரை தகரத்துக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. வரைந்து முடித்து லொறியில் ஏற்றினால் அது அவர்களுடையது. இன்னொருவருடைய உருவத்தை வரையும்போது அதில் நியாயமும் இருந்தது, ஏனென்றால் அது என்னுடையதும் இல்லை.

நேற்று மாலை சிறுத்தையின் முதல் வரைவைப் போட்டேன். கறுப்பை நேராக அடித்தால் இருட்டறையில் அது காணாமல் போய்விடும். அதனால் கீழே கரும்பச்சை பூசி, காய்ந்தபின் கறுப்பை மெல்லியதாக ஓட்டினேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தோலுக்குள் புள்ளிகள் தெரிகின்றன. உண்மையான கருஞ்சிறுத்தைக்கும் அப்படித்தானாமே, கறுப்புக்குள் புள்ளி இருக்குமாம். பூங்காக்காரர் பார்த்துவிட்டு நல்ல வார்த்தை சொன்னார். ஆனால் விட்டபாடில்லை: "வாசலில் மட்டும் ஒரு சிலந்தி மனிதன் நிற்கட்டும், பிள்ளைகள் அவனைத்தான் தேடுவார்கள்" என்கிறார். நான் வரையமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கினிகத்தேனையில் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொல்கிறார். பார்க்கட்டும். அந்த ஆளுக்கு வலையின் தொய்வு சரியாக வராது என்பது எனக்குத் தெரியும்.

ஒப்பந்தம் என்று நான்கு பக்கத் தாள் ஒன்றையும் நீட்டினார். ஆங்கிலத்தில் இருக்கிறது. பங்காளி வெளிநாட்டிலிருந்து அனுப்பியதாம்.


பண்டாரவளை மெக்கானிக்:

அண்ணே, கையெழுத்துப் போடாதீர்கள். கெந்திங் கதையை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: இவர் பூங்காவை வேறு ஆளுக்கு விற்றால் சிறுத்தையும் சேர்ந்து போகுமா? இவர் போட்ட குத்தகை எத்தனை வருடம் என்றும் கேளுங்கள். தொழிற்சாலையைத் தோட்டக் கம்பனி திருப்பிக் கேட்டால் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போவது யார்? அப்புறம் ஒன்று, இருட்டறை வண்டியின் சக்கரம் போகும் பள்ளத்துக்கு மேலே தகரத்தின் கீழ்விளிம்பை ஓர் அடியாவது உயர்த்திப் போடச் சொல்லுங்கள். கிரீஸ் தெறித்துச் சிறுத்தையின் கால் முதல் மாதத்திலேயே போய்விடும்.


கண்டி வழக்குரை:

நான்கு பக்கத்தையும் படம் பிடித்துத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுகிறேன். பங்காளியின் தாள் என்றால் எல்லா உரிமையையும் எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் எழுதிக் கொடுப்பதாக ஒரு வரி கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் மூன்றாம் பக்கத்தில். அதைத் தேடிப் பிடித்து அடிக்கோடிட்டு வைத்தால் என் வேலை பாதியாகும். சிறுத்தையின் வரைவில் ஒரு மூலையில் உங்கள் கையெழுத்தையும் திகதியையும் போட்டு அதையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பூங்காக்காரரிடம் காட்ட வேண்டாம்.